கலர் மீனுக்குக் கலர் தெரியுமா?

ஓசூரில் கலர் மீன் விற்கும் எந்தக் கடைக்கும் போய், "தொட்டியில ஒரு மீன் சிக்கவே மாட்டேங்குதுண்ணா, எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டில் ஒரு பதில் வரும். "ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு ஒரு சிவப்பு பல்பு போடுங்க சார், மீனுக்குச் சிவப்பு தெரியாது" என்பது ஒன்று. "பச்சை வலை வாங்கிக்குங்க, செடியோட செடியா இருக்கும்" என்பது இன்னொன்று. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு பக்கம் கேட்டாலும் இதே இரண்டு பதில்தான், கன்னடத்தில் வரும்.

இரண்டு யோசனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. மீனுக்கு நிறம் தெரியுமா? தெரியும் என்றால் எந்தெந்த நிறம்? நமக்கு இது தொட்டிப் பிரச்சினை. ஆனால் 110 வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியில் இந்தக் கேள்விக்காக இரண்டு விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுத் தொட்டியில் புண்பட்ட ஒரு மீனை வெளியே எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் இந்தக் கதைக்குள் நுழைந்தேன். நுழைந்தவன் சீக்கிரம் வெளியே வரவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதல் ஆள் கார்ல் ஃபான் ஹெஸ். சாதாரண ஆள் இல்லை. ஜெர்மனியின் பெயர்பெற்ற கண் மருத்துவர், பேராசிரியர், 1912இலிருந்து மியூனிக்கில். மனிதக் கண் பற்றிய அறிவை அப்படியே விலங்குகளின் கண்ணுக்குக் கொண்டுபோகலாம் என்று நம்பியவர். இருட்டறையில் ஒரு மீன் தொட்டி வைத்து, பட்டகம் வழியாக ஒளியைப் பிரித்து, வானவில் பட்டை தொட்டியின் மேல் விழும்படி செய்தார். உள்ளே மீன் குஞ்சுகள். அவை எங்கே போய்க் கூடுகின்றன? மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடத்தில். முழு நிறக்குருடரான ஒரு மனிதருக்கு அந்தப் பட்டையில் எந்த இடம் அதிக வெளிச்சமாகத் தெரியுமோ, கிட்டத்தட்ட அதே இடம். ஆகவே மீனுக்கு நிறமே தெரியாது, வெளிச்சம் கூடக்குறைய மட்டும்தான் தெரியும் என்றார் ஹெஸ். மீன் மட்டுமல்ல, தேனீ உள்பட முதுகெலும்பில்லாத உயிர்கள் அத்தனையும் நிறக்குருடு என்பது அவர் தீர்ப்பு.

இரண்டாவது ஆள் கார்ல் ஃபான் ஃபிரிஷ். அப்போது 20களில் இருந்த இளைஞர், மியூனிக் விலங்கியல் நிறுவனத்தில் உதவியாளர். தேனீக்களின் நடன மொழிக்காக 1973இல் நோபல் வாங்கப்போகிறார், ஆனால் அது ரொம்பப் பின்னால். தொடக்கத்தில் அவருடைய ஆள் தேனீ இல்லை, மீன். ஐரோப்பிய ஓடைகளில் இருக்கும் மின்னோ என்ற சின்ன மீன். நம்ம கெண்டை வகையறாவுக்குச் சொந்தக்காரன். இந்த மீன் அடியில் இருக்கும் தரையின் நிறத்துக்கு ஏற்பத் தன் உடம்பு நிறத்தை மாற்றிக்கொள்ளும். மஞ்சள் தரை மேல் விட்டால் மஞ்சள் ஏறும். அதே அளவு வெளிச்சமுள்ள சாம்பல் தரை மேல் விட்டால் ஏறாது. நிறம் தெரியாத மீன் இதை எப்படிச் செய்யும்?

இதற்கு ஹெஸ் ஒப்புக்கொள்ளவில்லை. கடுமையாக எழுதினார். ஒரு பெரிய பேராசிரியர் ஒரு சின்னப் பையனை எப்படி எழுதுவாரோ அப்படி. ஃபிரிஷ் சளைக்காமல் அடுத்த சோதனைக்குப் போனார். அது மென்பொருள் ஆட்கள் பாராட்டவேண்டிய டெஸ்ட் கேஸ். மீனுக்கு ஒரு நிறத்தோடு சேர்த்தே தீனி போட்டுப் பழக்க வேண்டியது. நன்றாகப் பழகியபின் தீனியை எடுத்துவிட்டு, அந்த நிறத்தோடு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பல தரப்பட்ட சாம்பல் நிறங்களையும் சேர்த்து மீன் முன்னால் வைக்க வேண்டியது. மீன் நிஜமாகவே நிறக்குருடு என்றால், அந்த வரிசையில் ஏதோ ஒரு சாம்பல் அதற்கு அந்த நிறம் மாதிரியே தெரிந்தாக வேண்டும். அதோடு குழப்பிக்கொள்ளும். மீன் குழப்பிக்கொள்ளவில்லை. பழகிய நிறத்தைத்தான் தேடிப் போனது. இதே யோசனையைத் தேனீக்களுக்கும் வைத்து 1914இல் ஃபிரைபர்க் நகரில் நடந்த விலங்கியலாளர் கூட்டத்தில் எல்லோர் கண்முன்னாலும் செய்து காட்டினார்.

வரலாற்றுப் புத்தகங்களில் கதை இங்கே முடிந்துவிடும். ஃபிரிஷ் வென்றார், ஹெஸ் தோற்றார், 1923இல் ஹெஸ் இறந்தும் போனார். ஆனால் எனக்கு இந்த இடத்தில் ஒன்று உறுத்தியது. ஹெஸ் சோதனையில் பொய் இல்லை. அவருடைய மீன்கள் நிஜமாகவே வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்து நீந்தின. ஒரே உயிர், ஒரு சோதனையில் நிறக்குருடு மாதிரி நடக்கிறது, இன்னொன்றில் நிறம் பார்க்கிறது. இந்த முடிச்சு அவிழ இன்னும் 80 வருடம் ஆனது. அது அவிழ்ந்த இடத்தில்தான் மீன் பிடிக்கிற ரகசியமும் இருக்கிறது. அதற்கு முன்னால் சிவப்பு பல்பை முடித்துவிடுவோம்.

சுத்தமான நீர் சிவப்பு ஒளியை வேகமாக விழுங்கும். தெளிந்த கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே சிவப்பு பெரும்பாலும் காலி, எல்லாம் நீலம். அங்கே வாழும் மீனுக்குச் சிவப்பு பார்க்கும் கண் இருந்து பெரிய பயன் இல்லை. பவளப்பாறை மீன்கள் பலவற்றுக்குச் சிவப்புப் பக்கம் உணர்வு குறைவுதான். ஆக, கடல் மீன் தொட்டி வைத்திருப்பவருக்குச் சிவப்பு பல்பு யோசனை ஓரளவு பொருந்தும். ஆனால் ஓசூரில் எத்தனை வீட்டில் கடல் தொட்டி இருக்கிறது?

ஏரி, குளம், ஆற்று நீர் வேறு கதை. பாசியும் மக்கிய இலையும் கலந்த நீரில் முதலில் காணாமல் போவது நீலம். மிச்சம் இருப்பது பச்சை, மஞ்சள், சிவப்பு. கே.ஆர்.பி. அணையில் மதியம் நின்று எட்டிப் பாருங்கள், டீத்தூள் போட்ட மாதிரி ஒரு பசுமஞ்சள். நன்னீர் மீன்களின் கண் இந்த வெளிச்சத்துக்காகவே வேறு வேதிப்பொருளை வைத்திருக்கிறது என்று 1930களில் கண்டுபிடித்தவர் அமெரிக்கர் ஜார்ஜ் வால்ட். நம் கண்ணில் மங்கிய ஒளியைப் பார்க்கும் நிறமி வைட்டமின் ஏ1 வகையிலிருந்து வருகிறது. நன்னீர் மீன்களில் பலவற்றுக்கு அது வைட்டமின் ஏ2. ரசாயனத்தில் ஒரு சின்ன வித்தியாசம்தான், ஆனால் அதனால் கண்ணின் உணர்வு முழுவதும் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும்.

எவ்வளவு நகரும்? 1965இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மார்க்ஸ், தங்கமீனின் விழித்திரையில் இருக்கும் கூம்பு செல்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்து, எது எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்தார். மூன்று வகை கிடைத்தன. உச்சங்கள் ஏறத்தாழ 455, 530, 625 நானோமீட்டர். நம் கண்ணின் 'சிவப்பு' கூம்புக்கு உச்சம் 560 பக்கம்தான். உண்மையில் அது மஞ்சள்பச்சை. தங்கமீனுடையது நிஜமான சிவப்பு. மீனுக்குச் சிவப்பு தெரியாது என்பதை விடுங்கள், சிவப்பைப் பார்ப்பதில் அது நம்மைவிட ஒரு படி மேல்.

1967இல் டோக்கியோவில் ட்சுனேயோ டொமிட்டாவும் குழுவும் இன்னும் கஷ்டமான வேலையைச் செய்தார்கள். மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைக் கெண்டை மீனின் ஒற்றைக் கூம்பு செல்லுக்குள் நுழைத்து, அது அனுப்பும் மின் சமிக்ஞையைப் பதிவு செய்தார்கள். செல் அவ்வளவு சின்னது. குழாய் உள்ளே போகவே போகாது. விழித்திரையையே படக்கென்று ஒரு உலுக்கு உலுக்கிக் குழாயின் மேல் குத்தவைத்தார்களாம். மூன்று வகைக் கூம்புகள் மூன்று விதமாகப் பேசின. கண்ணில் மூன்று உணர்விகள் இருக்கின்றன என்ற, 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஊகமாகவே இருந்த ஒன்றுக்கு உயிருள்ள செல்லிலிருந்து கிடைத்த நேரடிச் சாட்சி ஒரு கெண்டை மீன்.

இங்கே ஒரு சின்ன விலகல், ஊர்ப் பாசத்தால். அதே 1960களில், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் ஒரு முதியவர் கண்ணுக்கு மூன்று உணர்விகள் என்ற கொள்கையே தவறு என்று எழுதிக்கொண்டிருந்தார். நம்ம சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்கு 1930இல் நோபல் வாங்கியவர், 70 வயதுக்கு மேல் கண்ணும் நிறமும் என்ற துறைக்குள் இறங்கினார். பூக்களின் நிறத்தில் ஆரம்பித்து 1968இல் பார்வையின் உடலியல் பற்றி ஒரு முழு நூலே போட்டார். அவருக்கு ஆய்வுக்கூட விலங்கு ஏதும் வேண்டியிருக்கவில்லை. பிரகாசமான திரையை ஒரு வண்ண வடிகட்டி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்து, வடிகட்டியைச் சட்டென்று விலக்கி, தன் கண்ணுக்குள் தெரிவதைக் குறித்துக்கொள்வார். அந்த வயதில் அந்தச் சுறுசுறுப்பு நம்மில் யாருக்கும் வராது. ஆனால் முடிவு நிற்கவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில் தங்கமீனும் கெண்டையும் குரங்கும் மனிதனும் தங்கள் கூம்பு செல்களைக் காட்டி எதிர்த்தரப்பில் சாட்சி சொல்லிவிட்டன. ஹெஸ்ஸும் ராமனும் ஒரே விஷயத்தில் எனக்கு ஒன்றாகத் தெரிகிறார்கள். இருவரிடமும் கவனமான அவதானிப்பு இருந்தது. அதிலிருந்து எவ்வளவு தூரம் தாண்டலாம் என்பதில்தான் இருவரும் அளவு மீறினார்கள்.

சரி, மீனுக்கு மூன்று உணர்வியோடு நிற்கவில்லை. 1985 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கிறிஸ்டா நாய்மயர் என்ற ஆய்வாளர், ஃபிரிஷ் செய்த அதே முறையில், அதாவது தீனி போட்டுப் பழக்கி, தங்கமீனுக்குப் புற ஊதாவும் ஒரு தனி நிறமாகத் தெரியும் என்று காட்டினார். ஆக மொத்தம் நான்கு. ஜீப்ரா மீனுக்கும் நான்கு வகைக் கூம்புகள். நம் வீட்டுத் தொட்டியில் ஓடும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் மீன், நிறம் என்ற விஷயத்தில் நம்மைவிட ஒரு பரிமாணம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதே நாய்மயர்தான் ஹெஸ் முடிச்சையும் அவிழ்த்தார் என்பது என் கருத்து. 1996இல் ஷேரர் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த சோதனை இது. மீனைச் சுற்றி கோடு கோடாக வண்ணம் தீட்டிய உருளை ஒன்று சுழலும். கோடுகள் நகர்ந்தால் மீனும் கூடவே நீந்தும். ஆற்றில் அடித்துச் செல்லப்படாமல் ஒரே இடத்தில் நிற்க மீன் பயன்படுத்தும் அனிச்சைச் செயல் இது. இப்போது கோடுகளைச் சிவப்பும் பச்சையுமாக மாற்றி, இரண்டின் பிரகாசத்தையும் மெதுவாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் மீன் நின்றுவிடுகிறது. உருளை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, மீனுக்கு அது சுற்றுவது தெரியவில்லை! தீனி கொடுத்துக் கேட்டால் அந்தச் சிவப்பையும் பச்சையையும் அதே மீன் தவறாமல் பிரித்துச் சொல்லும். அசைவைப் பார்க்கும்போது மட்டும் அது நிறக்குருடு. 2003இல் ஜீப்ரா மீனிலும் இதே முடிவு கிடைத்தது.

நம்ம பாஷையில் சொன்னால், ஒரே கேமரா, நான்கு சேனல். 'இது என்ன, தின்னலாமா?' என்ற மாட்யூல் நான்கு சேனலையும் வாங்கிக்கொள்கிறது. 'ஏதோ நகருது, ஓடு!' என்ற மாட்யூலுக்கு வேகம் முக்கியம், அது ஒரே ஒரு சேனலைக் கறுப்பு வெள்ளைப் படமாக வாங்கிக்கொள்கிறது. அந்த ஒரு சேனல் எது? சிவப்புக் கூம்பு.

கடைக்காரரின் சிவப்பு பல்பை இப்போது நினைத்துப் பாருங்கள். தங்கமீன், ஜீப்ரா, பார்ப் எல்லாம் கெண்டை வகையறா. தங்கமீனும் ஜீப்ராவும் அசைவைப் பார்ப்பது சிவப்புக் கூம்பை வைத்து என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். நாம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வலை நகர்வதைக் கண்டுபிடிக்க அவை பயன்படுத்தும் அந்த ஒரு சேனலுக்கு மட்டும் வெளிச்சம் போட்டுக் கொடுக்கிறோம்.

பச்சை வலை? அது சில நேரம் வேலை செய்யும், ஆனால் கடைக்காரர் சொல்லும் காரணத்தால் அல்ல. சிவப்புச் சேனலில் பச்சைச் செடி இருட்டாகத்தான் தெரியும். கரும்பச்சை வலையும் இருட்டு. இருட்டுக்கு முன்னால் இருட்டு நகர்ந்தால் மாறுபாடு குறைவு. அதே இடத்தில் வெள்ளை வலை போட்டால் கொடி பிடித்த மாதிரி தெரியும். தொட்டிக்குப் பின்னால் வெளிர்நீலத் தாள் ஒட்டியிருப்பவருக்குக் கரும்பச்சை வலை உதவாது.

வலை எவ்வளவு மறைந்திருந்தாலும் துரத்த ஆரம்பித்துவிட்டால் கதை முடிந்தது. லுட்விக் மவுத்னர் என்ற வியன்னாக்காரர், பின்னாளில் அவரும் ஒரு கண் மருத்துவர், 1859இல் மீனின் மூளைத்தண்டில் ஒரு ஜோடி ராட்சச நரம்பு செல்களைக் கண்டார். மீனின் ஓட்டம் இந்த ஜோடியில் இருந்து கிளம்புகிறது. ஒன்று ஒரே ஒரு முறை சுட்டால் போதும், மீன் உடம்பு எதிர்ப்பக்கம் வில்லாக வளைந்து அடுத்த நொடி காணாமல் போகும். வளைவு தொடங்க ஆகும் நேரம் ஏறத்தாழ நூறில் ஒரு வினாடி. கண்ணில் இருட்டு ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தாலும் சரி, நீர் அதிர்ந்தாலும் சரி, அந்த செல் சுடும். நம் கை தசை அசைவதற்கு முன்னால் மீன் போய்ச் சேர்ந்திருக்கும். வேகத்தில் ஜெயிக்க முடியாத ஆட்டம் இது.

ஹெஸ்ஸின் குஞ்சுகள் இருட்டறையில் வெளிச்சத்தைத் தேடி நீந்தின. அது அனிச்சை. ஃபிரிஷின் மீன்கள் பசியோடு தீனி தேடின. இரண்டு பேரும் ஒரே மீனின் இரண்டு வெவ்வேறு அறைக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். புண்பட்டது ஒரு ரோசி பார்ப். பக்கவாட்டில் செதில் உரிந்து, விளிம்பு வெளுத்து, பூஞ்சை பிடிக்கிற மாதிரி இருந்தது. தனிப் பாத்திரத்தில் உப்புத் தண்ணீரில் வைக்க வேண்டும்; உப்பைத் தொட்டியிலேயே கொட்டினால் செடிகளுக்கு ஆகாது. தொட்டியோ மூன்றடி நீளம், கல்லும் வேரும் செடியும் நிறைந்தது. வலையோடு துரத்தினால் புண்பட்ட மீன் இன்னும் முட்டி மோதிக்கொள்ளும். நாள் தள்ளினால் பூஞ்சை பரவும். பெரியவள், ஒன்பதாவது படிக்கிறாள், தினமும் பள்ளி விட்டு வந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பாள். "அப்பா, இன்னிக்கு ஒயிட்டு கொஞ்சம் பெருசாயிருக்கு."

ரோசி பார்ப் பற்றி ஒரு வரி. இதற்கும் ஜீப்ரா மீனுக்கும் முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் ஒரே ஆள், ஃபிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன். 1822இல் வெளியான கங்கை மீன்கள் பற்றிய நூலில். நாம் தட்டில் சாப்பிடும் கட்லாவும் ரோகுவும்கூட அதே நூல்தான். திப்பு இறந்தபின் 1800-01இல் மைசூர் நாட்டை அளக்க கம்பெனி அனுப்பிய அதே புக்கானன் இவர். பயணம் முடிந்து சென்னை திரும்பும்போது ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வழியாகத்தான் இறங்கினார். நம்ம மலையடிவாரத்தில் நடந்துபோன மனுஷன் பெயர் வைத்த மீன், நம்ம வீட்டில் புண்ணோடு ஒளிந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிடித்த தற்செயல்கள்.

ஓடும் மாட்யூலைத் தொடாமல், தின்னும் மாட்யூலோடு மட்டும் பேசுவது என்று முடிவு செய்தோம். ஃபிரிஷ் முறை. பெரியவளின் பழைய சிவப்பு பிளாஸ்டிக் வளையல் ஒன்றை நூலில் கட்டி, நீர்ப்பரப்பில் படும்படி தொங்கவிட்டு, அதற்குள் மட்டும் தீனி போட்டோம். ஒவ்வொரு வேளையும் வேறு மூலையில், இடத்தை வைத்துப் பழகிவிடக் கூடாது என்பதற்காக. மூன்றாம் நாள் தீனி இல்லாமல் சிவப்பு, சாம்பல், கறுப்பு என்று மூன்று வளையல்களைத் தொங்கவிட்டுப் பார்த்தாள் அவள். சிவப்பின் அடியில்தான் கூட்டம். ஆய்வுக் கட்டுரை எழுதும் தரம் இல்லை, ஆனால் வீட்டு மாடியில் ஃபிரிஷ் சோதனையை ஓட்டிப் பார்த்த சந்தோஷம் தனி.

பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, புனல் மாதிரி தலைகீழாக உள்ளே செருகி, வாயைச் சுற்றி அதே வளையலை மாட்டி, தீனியை உள்ளே வைத்து முதல் நாளே தொட்டிக்குள் படுக்கவைத்தோம். புது சாமான் என்ற பயம் தெளிய வேண்டும். முதலில் நுழைந்தவை ஜீப்ராக்கள், வழக்கம்போல. அவற்றைத் திரும்ப விட்டுவிட்டு மறுபடி வைத்தோம். ஆறாம் நாள் காலை பார்ப் உள்ளே இருந்தது. ஒரு செதில் கூட உதிரவில்லை. பாட்டிலோடு தூக்கி உப்புத் தண்ணீருக்கு மாற்றினோம்.

என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "இது பறி தானே? இதுக்கா இத்தனை நாள் கம்ப்யூட்டர்ல படிச்சே?" என்றாள். பறிதான். மூங்கிலில் முடைந்து வயல் மடையில் வைப்பார்களே, வாயில் உள்நோக்கிய குச்சிகளோடு, மீன் தானாகப் போகும், திரும்பி வர வழி தெரியாது. வலை மீனைத் தேடிப் போகிறது. பறியைத் தேடி மீன் வருகிறது. அணையில் போடும் தங்கூசி வலையும் துரத்துவதில்லை, இரவெல்லாம் அசையாமல் நிற்கும். அசையாத மெல்லிய இழையை அசைவு பார்க்கும் கண் கண்டுகொள்வது கஷ்டம்.

வலையால்தான் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் இருந்தால் இன்னொரு வழி, பழைய தொட்டிக்காரர்கள் சொல்வது. விடியுமுன், இருட்டில் வலையைத் தயாராக வைத்துக்கொண்டு, சட்டென்று விளக்கைப் போட்டு உடனே பிடிப்பது. இதற்கு நல்ல காரணம் உண்டு. நம் கண்மணி மாதிரி பெரும்பாலான மீன்களின் கண்மணி சுருங்கி விரியாது. பதிலுக்கு, இரவில் விழித்திரைக்குள் இருக்கும் கூம்பு செல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி, மங்கிய ஒளிக்கான கோல் செல்கள் முன்னுக்கு வரும், பகலில் தலைகீழ். செல்கள் நிஜமாகவே இடம் மாறுகின்றன, அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். விளக்கு போட்டவுடன் மீன் அந்த இடைவெளியில் இருக்கிறது, இரவுக் கண்ணோடு பகலில் மாட்டிக்கொண்டு. வெள்ளை விளக்கே போதும். ஒரு வலையை மூலையில் அசையாமல் வைத்து, இன்னொன்றால் மெதுவாக அந்தப் பக்கம் ஒதுக்குங்கள். புண்பட்ட மீனுக்கு மட்டும் இதை நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, தொட்டிக்கு வெளியே ஒரு விஷயம். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் பக்கக் கழிவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஓசூரில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறக்கும் நாட்களில் ஆற்றின் மேல் வெள்ளை நுரை ஆளுயரம் நிற்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் நுரையைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியும் பேசுகிறோம். நீருக்குள் இறங்கும் வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கழிவு கொண்டுவரும் சத்தால் பாசி பெருகப் பெருக, நீலம் மேலேயே உறிஞ்சப்பட்டு, கீழே போகும் ஒளியின் அகலம் குறுகிக்கொண்டே போகும். நான்கு சேனல் கண்ணுக்கு ஒன்றரை சேனல் வெளிச்சம்.

இதன் விளைவு என்ன என்பதை 1997இல் ஓலே சீஹவுசனும் சக ஆய்வாளர்களும் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் காட்டினார்கள். அங்கே சிக்லிட் குடும்ப மீன்களில் நெருங்கிய இனங்கள் பலவற்றுக்கு இடையே வேலி, ஆணின் நிறம் மட்டும்தான். பெண் மீன் நிறத்தைப் பார்த்துத்தான் தன் இனத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஏரி கலங்கிய இடங்களில் பெண்ணுக்கு நிறம் தெரியவில்லை. நிறங்கள் மங்கின, இனங்கள் கலந்தன, இனங்களின் எண்ணிக்கை குறைந்தது. யாரும் வலை போடவில்லை, விஷம் வைக்கவில்லை. வெளிச்சம் மட்டும் போனது.

கெலவரப்பள்ளிக்குக் கீழே இதே நீர்தான் கே.ஆர்.பி. அணைக்குப் போகிறது. அணையடிக் கடைகளில் மிளகாய் தடவி வரிசையாக வறுத்து அடுக்கியிருக்கும் ஜிலேபிக் கெண்டை, 1952இல் இந்தியாவுக்குள் வந்த அதே ஆப்பிரிக்கச் சிக்லிட் குடும்பம்தான். கலங்கல் நீரையும் தாங்கிக்கொள்ளும் மீன் அது. அதுவும் இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் கறுப்பு உடம்பையும் சிவந்த துடுப்பு விளிம்பையும் காட்டித்தான் ஜோடி தேடும்.

பார்ப் ஒன்பது நாள் உப்புத் தண்ணீரில் இருந்தது. புண் ஆறி, திரும்பத் தொட்டியில் விட்டாயிற்று. சிவப்பு வளையலைப் பார்த்தால் இன்னும் ஓடி வருகிறது.